மூலைக்குழாய் ஐஸ்

— உள்ள வந்து சொல்லுத்தா. வாசல்ல நின்னுக்கிட்டு ஐஸ் வேணும், ஐஸ் வேணும்னா...

— இல்ல மாமா, இங்கயே நிக்கிறேன். காலெல்லாம் சகதி.

— எங்க வீட்ல என்ன சலவைக்கல்லா பதிச்சிருக்கு? நீ போடிமெட்டு எஸ்டேட்டு மொக்கையன் மக முத்துப்பேச்சிதான?

— ஆமா மாமா. ஞாபகம் வச்சிருக்கீகளே.

— பின்ன? சம்பளச் சனிக்கெழம ஐஸ் பெட்டியோட ஜீப்ப விட்டு எறங்குனா மொத ஆளா ஓடியாருவ. ஒனக்கு முன்னாடி ஒங்கண்ணன் சீனிச்சாமி நிப்பான்.

— அவனுக்குத்தான் மாமா கேக்குறேன். ஒண்ணே ஒண்ணு. ஏலக்கா போட்ட பால் ஐஸ்.

— அடி கிறுக்கி... நான் ஐஸ் கம்பெனிய மூடி எம்புட்டு வருசமாச்சு. இப்பச் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருக்கேன்.

— தெரியும். சொன்னாங்க.

— கரண்டு இருந்தா பாலு இல்ல, பாலு இருந்தா கரண்டு இல்ல. டி.வி.யும் வந்துச்சு, காயிதம் சுத்துன ஐஸும் வந்துச்சு. பிள்ளைக அங்கிட்டுப் போயிருச்சுக. பஸ் ஸ்டாண்டுல விக்கிறான், அத வாங்கிட்டுப் போ.

— வாங்கித் தின்னு பாத்தேன் மாமா. சாயந்தான் நாக்குல ஒட்டுது. அவனுக்கு ஆகாது.

— தொரைக்கு ராக்கையா ஐஸ்தான் ஆகுமாக்கும். மீச நரச்சிருக்குமே இன்னேரம்?

— இல்ல மாமா... நரைக்கல.

— என்ன செய்யிது அவனுக்கு?

— மஞ்சக்காமால. சோறு தண்ணி எதுவும் எறங்கல. ஐஸுன்னு கேட்டான். அதுவும் மூலக்குழா ஐஸு.

— ...மூலக்குழான்னா சொன்னான்?

— ஆமா.

— அது உப்புக் கரிக்குமே பேச்சி. ஐஸ் அச்சுல மூலையில இருந்த குழா ஓட்ட. சுத்தி நிக்கிற உப்புத்தண்ணி கசிஞ்சு பால்ல எறங்கிரும். விக்க முடியாதுன்னு அவனுக்குச் சும்மா குடுத்தது.

— அதத்தான் அவன் பீத்திக்கிருவான். இனிப்பும் கரிப்புமா ஒலகத்துலயே எனக்கு மட்டுந்தான் இந்த ஐஸுன்னு. எனக்கு ஒரு கடி தரமாட்டான். குச்சியத்தான் தருவான்.

— தகரம் பத்த வைக்கிறவன் வாரப்பல்லாம் கேப்பான், ஓட்டைய அடச்சிருவமாண்ணேன்னு. வேணாம்னுருவேன்.

— ஏன் மாமா?

— அடச்சுட்டா அவனுக்கு என்னத்தக் கொண்டு போறது? உள்ள வா. தண்ணியாச்சும் குடி.

— வேணாம் மாமா. செஞ்சு தருவீகளா, அதச் சொல்லுங்க. நாளைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள வேணும்.

— நோவாளிக்கு நேரம் பாத்தா குடுப்பாக? சாயங்காலம் தின்னா ஆகாதா?

— இல்ல... உச்சிக்குள்ள. அச்சு இருக்குல்ல? எடைக்குப் போட்டுட்டீகளா?

— போட்டாச்சு. அந்த மூலக்குழாய மட்டும் வெட்டி வச்சிக்கிட்டேன். எதுக்குன்னு கேக்காத. சோடாக் கடையில ஐஸ்கட்டி வாங்கி, ஒடச்சு, கல்லுப்பப் போட்டு, வாளிக்குள்ள குழாய நட்டு வச்சா உறஞ்சிரும். பால்தான்... ஒங்கத்த காய்ச்சுற மாதிரி எனக்கு வராது. அவளும் போய்ச் சேந்துட்டா.

— எப்பிடி வந்தாலும் சரி மாமா. ஏலக்கா நான் கொண்டாந்திருக்கேன். இந்தாங்க.

— கொண்டா... என்னா பச்ச. யாரு காய வச்சது?

— அவந்தான். எஸ்டேட்டு ஸ்டோர்ல காய் உலத்துற சோலி அவனுக்கு.

— முன்னப்போல சிரிக்கிறானா பேச்சி? கெக்கெக்கேன்னு?

— சிரிக்கிறான் மாமா.

— பெட்டிமூடியத் தட்டி என்ன மாதிரியே கூவுவானே. இப்பவும் கூவுறானா?

— கூவுறான். நேத்துக்கூட... ராக்கையா ஐஸேய்னு...

— அழாதத்தா.

— அழல. ஜீப்புப் பொக கண்ணுல...

— சரி, பொகதான். காலையில மொத ஜீப்புல நானே கொண்டாறேன். உமி போட்டு, சாக்குச் சுத்தி.

— நீங்க எதுக்கு மாமா இந்த வயசுல மல ஏறிக்கிட்டு? நானே...

— கரையிறதுக்குள்ள வைக்கணுமில்ல. படையல்ல, அவன் எலையில, என் கையால வைக்கிறேன்.

— ...மாமா.

— ம்.

— தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா உள்ள வா, உள்ள வான்னீக? எழவுத் தீட்டோட அடுத்தவுக படி ஏறக்கூடாதுன்னுதான் மாமா வெளிய நின்னேன். செத்தவனுக்குன்னு சொன்னா செய்யமாட்டீகளோன்னு... அவன் கேட்டது நெசம். கடைசியா அதத்தான் கேட்டான்.

— ஜீப்பு ஓட்டுற தவசி அன்னைக்கே வந்து சொல்லிட்டான் ஆத்தா. நீ வாசல்ல நின்னு, அண்ணனுக்கு ஐஸ் வேணும்னு கேட்டியா... அந்தக் கொஞ்ச நேரம் எனக்கும் அவன் உசுரோட இருந்தான். அதான் சிரிக்கிறானா, கூவுறானான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். தீட்டெல்லாம் எனக்கும் உண்டு, எம்பிள்ளதான் அவனும். உள்ள வா. வந்து பாலக் காய்ச்சு.