லேட் ஜாவ்

"லேட்டு! லேட்டு! ஏறுங்க!"

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம். வெள்ளிமலை வண்டியின் நடத்துநர் தகரத்தைத் தட்டுகிறார். நான் தரையில் கிடக்கிறேன். குப்புற. கைகள் பிடரியில். உதட்டில் மண். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. அந்தச் சொல்லைக் கேட்டால் உடம்பு விழுந்துவிடுகிறது.

"காலையிலயே ஏத்திக்கினு வந்துட்டான் பாரு," என்கிறாள் பூக்காரி.

"நல்லா விழுந்தாரு போ. எழுந்துருங்க, வண்டி எடுக்கணும்," என்கிறார் நடத்துநர்.

எழுகிறேன். ஏறுகிறேன். மேலே, வெள்ளிமலையில், என்னோடு வேலை பார்த்த சடையனின் மனைவி லட்சுமி காத்திருக்கிறாள். ஒரே ஒரு கேள்வியாம். போனில் கேட்க மாட்டாளாம்.

மலை ஏற்றம். வண்டி கீழ் கியருக்கு மாறுகிறது. உறுமல். எங்கள் போர்வெல் லாரியின் கம்ப்ரசர் இப்படித்தான் உறுமும். நாங்கள் வேலைக்குப் போன அந்த ஊர் கண்முன் வந்துவிடுகிறது.

வடக்கே, எல்லையில், ஒரு சின்ன நகராட்சி. பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. 'கடேசி' என்றோம். அதற்கு அப்பால் சாலை கிடையாது. மூன்று பக்கம் மலை, நாலாவது பக்கம் ஆறு. ஆற்றுக்கு அந்தண்டை முகட்டில் வேறு நாடு. நடுவில் கிண்ணத்தில் ஊற்றிவைத்த மாதிரி ஊர். ஒரு கடைத்தெரு. அதிலேயே மசூதி, அதிலேயே கோயில், இரண்டுக்கும் நடுவே ரொட்டிக்கடை. விடியுமுன் மாவு வேகும் வாசனை எல்லாச் சாமிக்கும் பொதுவாகப் போகும்.

ஒரு காலத்தில் ஆற்றோரமாகக் கழுதைப் பாதை இருந்ததாம். உப்பும் கம்பளியும் போய்வந்தன. பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். பிறகு எல்லைக்கோடு விழுந்தது. அக்காள் இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம். குண்டு விழுவது அவர்களுக்குப் பழக்கம். வீட்டுக்கு வீடு பதுங்குகுழி. சண்டையில்லாத வருடங்களில் அதில் விறகு அடுக்குவார்கள்.

முந்தைய குண்டுவீச்சில் குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டது. சரிசெய்ய ஆள் வரவில்லை. நகராட்சி ஆழ்துளைக் கிணறு போடச் சொன்னது. ஆகவே நாங்கள். நான் ரிஷிவந்தியம் பக்கம். குத்தகை நிலம் கைவிட்டுப் போனதும் லாரி ஏறியவன். சடையன் வெள்ளிமலைக்காரன், மழை கைவிட்டதும் ஏறியவன். சரிவிலிருந்து மண்ணை அள்ளி முகர்ந்தான்.

"நம்ம சாமை வெளையும்ணே இங்க."

"இங்கயும் சாமையா? உன் வாய்க்கு வேற ருசியே கிடையாதா?"

"உங்க ஊரு நெல்லுச்சோறு தின்னுதான் நீங்க மூச்சு வாங்குறீங்க."

எங்களுக்குத் தெரிந்த இந்தி நாலு சொல். பானி. ரோட்டி. ஜல்தி. லேட். நாலாவதை ஏஜெண்ட் கற்றுக்கொடுத்தான். தினமும் விடிகாலை லாரிக் கதவைக் குத்தி, 'லேட், லேட்' என்பான். நாங்கள் எழுந்து ஓடுவோம்.

புதன்கிழமை. வெயில் முகட்டைத் தொட்டு இறங்குகிறது. ஒரு வீட்டையொட்டி, அக்ரூட் மரத்தடியில் துளை போட்டுக்கொண்டிருக்கிறோம். முதல் குண்டின் சத்தத்தை நான் கேட்கவில்லை. கம்ப்ரசர் அதை விழுங்கிவிட்டது. கண்ணால்தான் பார்த்தேன். கடைத்தெருவுக்கு மேலே வெள்ளைப் புழுதி, தூண் மாதிரி. பாறையில் துளை இறங்கும்போது எழுமே, அதே புழுதி.

சடையன் சிரித்தான். என் காதருகே வந்து கத்தினான்.

"அண்ணே, அங்கயும் ஒருத்தன் போரு போடுறான் பாரு! நமக்குப் போட்டி!"

இரண்டாவது புழுதி. அது பக்கத்தில். டிரைவர் கம்ப்ரசரை அணைத்தார். அப்போதுதான் கேட்டது. சீட்டி. நீளமான, மெலிந்துகொண்டே வருகிற சீட்டி. பிறகு சத்தம் இல்லை. பிறகு தரை குலுங்கியது.

அந்த வீட்டுக்காரம்மா முற்றத்தில் இருந்தார். தினமும் எங்களுக்கு டீ போட்டவர். பதுங்குகுழி வாசலிலிருந்து விறகை இரண்டு கையாலும் இழுத்து எறிந்தார். திரும்பி எங்களைப் பார்த்தார். கத்தினார்.

"லேட் ஜாவ்! லேட் ஜாவ்!"

உள்ளங்கை தரையைப் பார்க்க, கையை மேலும் கீழும் ஆட்டினார். நம் ஊரில் அப்படி ஆட்டினால் வா என்று அர்த்தம். சொல்லும் சரியாக இருந்தது. கையும் சரியாக இருந்தது. சடையன் ஓடினான். ஓடுகிறபோதே என் பக்கம் திரும்பி ஒன்று சொன்னான். நானும் ஓடினேன். நாலு எட்டு. ஏர் ஓசில் கால் சிக்கியது. விழுந்தேன்.

அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு ரப்பர் குழாய்.

மறுபடி சீட்டி. அக்ரூட் மரம் ஒரு முறை எழுந்து நின்ற மாதிரி இருந்தது. பிறகு இலைகள். நெடுநேரம் இலைகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன.

மருத்துவமனை. எனக்கு இடது காது கேட்கவில்லை. கட்டிலை விட்டு எழுந்து எழுந்து நடக்கிறேன். நர்ஸ் வருகிறார். சின்னப் பெண். என் இரண்டு தோளையும் பிடித்து மெல்ல அழுத்துகிறார். தலையணையில் தலை படும்வரை. வலது காதில் சொல்கிறார்.

"லேட் ஜாவ், பையா. லேட் ஜாவ்."

படுத்துக்கொள்.

படுத்துக்கொள் என்றுதான் அந்த அம்மா கத்தியிருக்கிறார்.

சண்டை நின்றுவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அந்த ஊரின் பெயரைச் சொல்லவில்லை. எல்லையோரப் பகுதி என்றார்கள். அதனால் நான் சொல்கிறேன். சடையன் போனான். குழிக்குள் வரமாட்டேன் என்று அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரம்மாவின் மாமனார் போனார். ரொட்டிக்கடைக்காரரும் அவர் தம்பியும். ஒரு சினைப்பசு, அதை ஒன்று என்று எண்ணுவதா, இரண்டு என்றா? அக்ரூட் மரம். எங்கள் லாரி. பாதியில் நின்ற துளை. அதில் தண்ணீர் இருந்ததா என்று இனி யாருக்கும் தெரியாது. அந்த ஊர் இன்றும் டேங்கருக்குக் குடத்தோடு நிற்கிறது.

வெள்ளிமலை. இறங்கி நடக்கிறேன். சாமைக் கொல்லை உழாமல் கிடக்கிறது. லட்சுமி வாசலில் நிற்கிறாள். சடையன் வந்த பெட்டியைத் திறக்காமலே புதைக்கச் சொன்னார்கள் அவளிடம். தண்ணீர் கொடுக்கிறாள். குடித்து முடிக்கும்வரை பொறுக்கிறாள்.

"கடேசியா இன்னா சொன்னாருங்க? என் பேரு சொன்னாரா?"

பொய் நாக்கு நுனிவரை வருகிறது. அவள் கண் என் வாயிலேயே இருக்கிறது.

"இல்லம்மா. எங்கிட்டதான் சொன்னான். சிரிச்சிக்கினே சொன்னான்."

"இன்னான்னு?"

"'லேட்டாயிடுச்சாம்ணே... ஓடியா, போலாம்!'"