கல்பாசித் தரை

எங்கள் முகாமில் குளிக்க வெந்நீர் எப்போதும் தயாராக இருக்கும், சார். கூடாரத்துக்குள்ளேயே கட்டில், பித்தளைத் தொட்டி, விடிந்ததும் காபி. ஹென்னிங் அதையெல்லாம் வாய் நிறையப் பாராட்டினார். மனைவி அன்னெலீஸோடு ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர், சொன்ன பேச்சைக் கேட்பவர்.

வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது கல்பாசித் தரையைப் பற்றித்தான். முகாமுக்கு வடக்கே, கடற்பனியைக் குடித்தே வளர்கிற பாசி அது. என் பாட்டன் பிறக்கும் முன்னால் யாரோ ஓட்டிய மாட்டுவண்டியின் தடம் இன்றும் அதில் அப்படியே கிடக்கிறது. இந்த நமீபியக் கரையில் வழிகாட்டியாக இருந்த காலமெல்லாம் அதன்மேல் ஒரு சக்கரம் படவிட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

அன்று காலை கடல் உள்வாங்கியிருந்தபோது ஹென்னிங் தனியாகக் கரையோரமாகவே நடந்து, அந்தத் தரையின் எதிர்ப்பக்கப் பாறைமேட்டுக்குப் போயிருக்கிறார். தரையை மிதிக்காமல், நான் சொன்னபடியே சுற்றித்தான் போயிருக்கிறார். பனி விலகியதும் தொலைநோக்கியில் பார்த்தேன். மேட்டடியில் விழுந்து கிடந்தார். ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது. சட்டையைக் கழற்றி ஆட்டினார், அதில் ரத்தம். அதற்குள் கடல் ஏறிக் கரைவழியை அடைத்துவிட்டது.

பாசித் தரைக்குக் குறுக்கே வண்டியை விட்டால் ஒரு காபி குடிக்கும் நேரம். கடல் வடியக் காத்திருந்தால் மாலையாகிவிடும். காத்திருப்போம் என்று முடிவு செய்தேன்.

சமையல்காரன் ருகோரோ எங்கள் ஹெரேரோ மொழியில் என்னிடம் மல்லுக்கு நின்றான்.

"அண்ணே, நேரா விடுங்க வண்டிய. ஆளு கண்ணுக்குத் தெரியறாரு."

"தண்ணி வடியட்டும்."

"கல்லுல மொளைச்ச பாசிக்காக ஒரு மனுசன வெயில்ல காயப் போடுவீங்களா? சாவியக் குடுங்க. இல்லன்னா நான் நடந்தாவது போறேன்."

நடந்தாலும் தடம் விழும். "ஒரு அடி எடுத்து வச்சேன்னா, இந்தக் கரையில எந்த முகாம்லயும் உனக்கு அடுப்பு இல்லடா" என்றேன். அவன் பெரிய குடும்பக்காரன். நின்றுவிட்டான்.

அன்னெலீஸிடம், குறுக்கே புதைமணல் என்று சொன்னேன். உதவி கூப்பிடும் வானொலிப் பெட்டி பழுது என்றும் சொன்னேன். அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விமானத்தைக் கூப்பிட்டால் அந்தத் தரையில்தானே இறங்கும். அன்னெலீஸ் தொலைநோக்கியை இறக்கவே இல்லை.

"காஹி, அவரு நம்மளயே பாக்குறாரு."

"ஆமாம்மா. தைரியமாத்தான் இருக்காரு."

மதிய உணவை நேரத்துக்குப் பரிமாறச் சொன்னேன். வறுத்த மீன். யாரும் தொடாதது எனக்கு வருத்தமாக இருந்தது. அதன்பிறகு காற்று மணலைக் கிளப்பியதில் எதிர்ப்பக்கம் எதுவும் தெரியவில்லை.

கடல் வடிந்து நாங்கள் போனபோது அவர் இறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. குறுக்கே போயிருந்தால் பிழைத்திருப்பார். அது எனக்குக் காலையிலேயே தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், சார்.

ஒன்றுதான் மனதை அறுக்கிறது. அசையாமல் இருக்கும்படி எத்தனையோ முறை கைகாட்டினேன், கேட்கவில்லை. மேட்டடியிலிருந்து எங்களை நோக்கி, பாசியின் மேலேயே, காலை இழுத்துக்கொண்டு பாதித் தரை ஊர்ந்து வந்திருக்கிறார். அந்தக் கோடு நம் பேரன்கள் காலத்திலும் மறையாது. அன்னெலீஸ் அழுதுகொண்டே அவரிடம் ஓடினார். நான் கையைப் பிடித்து நிறுத்தி, அவர் ஊர்ந்த கோட்டிலேயே அடிவைத்துப் போகும்படி பணிவாகத்தான் சொன்னேன்.