படுக்கையறை யன்னலின் அளவு

"வெளிச்சம் நல்லா வருது, என்ன அப்பா?" கைக்குழந்தை ஆனைஸோடு யன்னலடியில் நின்று கேட்டாள் என் மகள் ஷிரோமி.

"ஓம் பிள்ளை. றோட்டுக்கு அங்காலை என்ரை குசினி தெரியுது பார்."

"அப்ப நீங்கள் கறியை எரிக்கிறதை இஞ்சை நிண்டே பாக்கலாம். பழைய கட்டடம் அப்பா, ஆனைஸுக்குப் பயமில்லையே?"

"நான் அளந்திட்டன். பயமில்லை."

அளந்தது உண்மை. பதினான்கு வருடமாக வாடகை வீடுகளின் பூச்சில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஏழு வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், தவறாமல் தேறியிருக்கிறேன். சுவர், கதவு, யன்னல் எல்லாவற்றிலும் கருவியை வைத்து அது காட்டும் எண்ணை எழுதவேண்டும். ஒன்றுக்கு மேலே காட்டினால் ஈயம். பூச்சு உரிந்திருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து.

இந்த வீட்டுப் படுக்கையறை யன்னல் எட்டுக் காட்டியது. உரிந்தும் இருந்தது. சுழியம் தசம் இரண்டு என்று எழுதினேன்.

எட்டு என்று எழுதியிருந்தால் ஷிரோமி இதை வாடகைக்கு எடுக்காமல், ஸ்தேன் என்ற தூரத்து ஊரில் பார்த்து வைத்த வீட்டுக்குப் போயிருப்பாள். மனைவி பியட்றிஸ் இறந்தபின் நான் தனியேதான் சாப்பிடுகிறேன். மகளை என்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கேட்க நினைப்பேன். வாய் வராது.

உறவினர் வீட்டை அளக்கக்கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. ஆனால் எங்கள் வழக்கப்படி என் அப்பாவின் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர். ஷிரோமிக்கு என் பெயர். பத்திரத்தில் நாங்கள் அந்நியர். யாரும் கேட்கவில்லை.

அவர்கள் குடிவந்து இரண்டு வருடம் சந்தோசமாக இருந்தோம். ஆனைஸ் அந்த யன்னல் கட்டையில் வாயை வைத்துக்கொண்டு எனக்குக் கை காட்டுவாள். நானும் காட்டுவேன்.

போன மாதம், பேசிக்கொண்டிருந்த பிள்ளை சொற்களை விட்டுவிடுகிறாள் என்று ஷிரோமி டொக்டரிடம் கூட்டிப் போனாள். இரத்தத்தில் ஈயம். வேறொருவர் வந்து வீட்டை அளந்தார். ஷிரோமி இரண்டு அறிக்கைகளோடும் என் குசினிக்கு வந்தாள். பிள்ளை அவள் இடுப்பில் இருந்தாள்.

"அப்பா, உங்கடை மெஷின் பிழையோ?"

"மெஷின் சரி பிள்ளை. அண்டைக்கும் எட்டுத்தான் காட்டினது."

அவள் அழவில்லை. கதவுப் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"என்னோடை வந்து இருங்கோ பிள்ளை. இஞ்சை ஈயம் இல்லை. ஆனைஸ் வயித்திலை எண்டு தெரிஞ்ச கிழமையே நான் எல்லா யன்னல் பூச்சையும் சுரண்டி எடுத்திட்டன்."