ஹருகோ வாசலில் கொட்டிய இலைகள்

தெருத் துப்புரவு முகாமைத் தொடங்கி வைக்கச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு குட்டிக் கதை சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்தே கேளுங்கள்... நிற்கிற வேலை பின்னால் இருக்கிறது.

நாகர்கோவில்காரர் ஒருவர், பெயர் வில்சன். ஜப்பானில் ஊர் ஊராகப் போய், அங்குள்ள மக்களின் அன்றாட வாழ்க்கையைப் படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவது அவர் தொழில்.

கியோட்டோவில் ஒரு பழக்கம். காலையில் அவரவர் வாசலை அவரவரே பெருக்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டு எல்லைக்குள் துடைப்பம் சற்றே போகலாம். ரொம்பப் போனால், ‘நீ பெருக்கவில்லை’ என்று குத்திக் காட்டியதாக ஆகிவிடும். நாமும் அந்த மரியாதை தெரிந்தவர்கள்தான்... பக்கத்து வீட்டுக்குத் துடைப்பத்தை அனுப்புவதே இல்லை. குப்பையை மட்டும் அனுப்புவோம்.

இதைத்தான் அட்டைப்படமாகப் போடுவது என்று ஆசிரியர் முடிவு செய்துவிட்டார். அன்று மாலைக்குள் படம் போயாக வேண்டும். வில்சன் என்ன செய்தார்? தூங்கிவிட்டார். அவர் போனபோது தெரு பளிச்சென்று இருக்கிறது. முடிதிருத்தும் கடை நடத்துகிற ஹருகோ என்கிற அம்மா மட்டும் இலைப் பையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வில்சனுக்கு ஜப்பானிய மொழி நன்றாக வரும். வராமல் இருந்திருக்கலாம்.

“அம்மா, அந்த இலையை மறுபடி கொட்ட முடியுமா? ஒரே ஒரு படம்...”

அந்த அம்மா பையைப் பார்த்தார். இவரைப் பார்த்தார்.

“பாதி போதுமா? முழுசும் வேணுமா?”

“முழுசும்.”

கொட்டினார்.

“இயல்பாப் பெருக்குங்க.”

பெருக்கினார்.

“இன்னும் கொஞ்சம் இயல்பா...”

படம் எடுத்தாயிற்று. அதற்குள் ஒரு காற்று... எதிர் வாசல், பக்கத்து வாசல், அதற்கும் அடுத்த வாசல், எல்லாம் இலை. ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது. யாராவது திட்டினார்களா? இல்லை. திட்டியிருந்தால் வில்சன் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார், நம்மூர்க்காரர் அல்லவா? அவர்கள் குனிந்து வணக்கம் சொன்னார்கள்.

ஹருகோ துடைப்பத்தை நீட்டினார்.

“என் இலையை நான் காலையிலேயே பெருக்கிட்டேன். இது உங்க இலை.”

பெருக்கினார் ஐயா வில்சன்... தெரு முழுக்கப் பெருக்கினார். “அந்த மூலையில இன்னும் ஒண்ணு கிடக்கு” என்று எதிர்வீட்டுக்காரர் அன்போடு காட்டிக்கொடுத்தார். ஹருகோ தன் கைபேசியில் வில்சனை ஒரு படம் எடுத்தார். முடிந்ததும் தேநீர் கொடுத்தார். அப்படி ஒரு தேநீரைப் பிறகு குடித்ததே இல்லை என்று வில்சன் இன்றும் சொல்கிறார்.

ஆசிரியர் சிரிக்கட்டுமே என்று, ஹருகோ எடுத்த படத்தையும் வாங்கித் தன் படத்தோடு சேர்த்து அனுப்பினார் வில்சன். ஆசிரியர் சிரிக்கவில்லை.

“அந்தம்மா பெருக்குற படத்துல இலை இப்பத்தான் கொட்டின மாதிரி இருக்கு. நீங்க குனிஞ்சு நிக்கிற படத்துலதான்யா வேலை நடக்குது.”

அட்டையில் வில்சன். கீழே, ‘படம்: ஹருகோ.’ அதைப் பார்த்துவிட்டு வில்சனின் மனைவி கேட்டாராம், “நம்ம வீட்டு முற்றத்துலயும் இப்படி ஒரு படம் எடுக்கலாமே?”

இதை எதற்குச் சொல்கிறேன்? இதோ, இந்த மேடைக்கு எதிரே ஒரு இலைக்குவியல். நேற்று இந்த வழியாகத்தான் போனேன், அது இல்லை. இந்தத் தெருவில் மரமும் இல்லை. யார் கொண்டுவந்தது என்று கேட்கமாட்டேன். நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்திருப்பார்கள். ஆனால் படத்துக்காகக் கொட்டினாலும் அது குப்பைதான். கொட்டியவர்கள் நாம்... அள்ள வேண்டியவர்களும் நாம்தான்.

கேமராவோடு நிற்கிற தம்பி... முதலில் துடைப்பத்தைத் தூக்கப்போகிற என்னை எடுக்க வேண்டாம். கடைசியாகக் கீழே வைக்கிறவர் யார் என்று பாருங்கள். அவரை எடுங்கள்.