காலி சீட்டில் ஒரு முகம்

எவ்வளவு வெயில் அடித்தாலும் என் ஸ்டுடியோ குளுகுளுவென்றுதான் இருக்கும் சார். மேலே ஒரு மாடி இருக்கிறதல்லவா, சூடு அங்கேயே தங்கிவிடும்.

அந்த மாடியில் லாரிக்காரரும் மனைவியும் குடியிருந்தார்கள். அவள் கார் ஓட்டப் பழகப் போனாள். தினமும் போனாள். "பழகுறது காரை மட்டும்தானா?" என்று சலூனில் சும்மா ஒரு வார்த்தை போட்டேன். அதற்குக் கை கால் முளைத்து நாலு தெரு சுற்றி, நானே கண்ணால் பார்த்ததாகத் திரும்பி வந்தது.

கூடவே லாரிக்காரரும் வந்தார். "பாத்தீங்களா இல்லையா? இல்லேன்னா அதே சலூன்ல நின்னு, நான் புளுகினேன்னு சொல்லுங்கண்ணே."

இருபது வருஷமாகத் தெருவே என் வாயைப் பார்த்துத்தான் பேசுகிறது. மாட்டிக்கொண்டேன். "போன்ல எடுத்து வச்சிருக்கேன், நாளைக்குத் தர்றேன்" என்றேன்.

கார் பழக்குகிறவர் விளம்பரத்துக்காகக் காரில் உட்கார்ந்து என்னிடம் எடுத்த படம் இருந்தது. மீசை முடியை எண்ணலாம், அத்தனை துல்லியம். பக்கத்து சீட் காலி. அவள் முகமோ, நான் முன்பு ஸ்டுடியோவில் எடுத்து அவள் போனுக்கு அனுப்பிய சின்னப் படத்தில் மட்டும். கற்றுக்குட்டிகள் சின்னதைப் பெரிதாக்குவார்கள், முகம் குழைந்துபோகும். நான் பெரியதை அவள் அளவுக்கு இறக்கினேன். கொஞ்சம் மங்கலாக்கி, இரண்டின் மேலும் ஒரே மாதிரிப் பொடிப் புள்ளிகளைத் தூவினேன். பிறகு அச்செடுத்து, அந்த அச்சை என் போனில் படம் பிடித்தேன். ஒட்டுப்போட்ட இடம் எனக்கே தெரியவில்லை.

லாரிக்காரர் படத்தை அவளிடம் காட்டிவிட்டு, அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு, பின்னறையில் தள்ளிப் பூட்டினார். ஆறு நாள் லோடுக்குக் கிளம்பிவிட்டார். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை, குழாய் இல்லை. கட்டியவன் நான், தெரியாதா?

என் மேசைக்கு நேர் மேலேதான் தட்டினாள். "அண்ணே, அந்தப் போட்டோல என் கன்னத்து மச்சம் இல்லண்ணே. நீங்க போட்டோக்காரரு, நீங்க சொன்னா நம்புவாரு. கதவைத் தொறங்கண்ணே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் படமானாலும் மச்சம், பரு துடைத்துக் கொடுப்பது என் கைப்பழக்கம். அவளுடையதையும் அன்றே துடைத்திருந்தேன். பதினோரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு அது கண்ணில் படவில்லை. நீங்கள் பார்த்தவுடன் மச்சம் எங்கே என்று கேட்டுவிட்டீர்கள்.

மாற்றுச் சாவி என் ஆணியில்தான் தொங்கியது. திறந்தால் வெளியே வந்து முதலில் மச்சத்தைத்தானே காட்டுவாள்? ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். நாலாம் நாள் மத்தியானம் சத்தம் நின்றது, அணைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் சார். பூட்டியது நான் இல்லை என்பதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஒருத்தரைப் பற்றி இல்லாததைச் சொல்லி எனக்குப் பழக்கமே கிடையாது.