லேப்டாப் மடியில், ஸ்டியரிங் மஞ்சுளா கையில்

— எஞ்சின் சுத்து மூவாயிரத்துலயே இருக்கட்டும் மஞ்சு. முள்ளு ஆடக்கூடாது.

— ஆடலீங்க மாமா. ஆடறது உங்க லேப்டாப்பு.

— ரோடு அப்படி.

— இன்னும் தொறக்காத புதுப் பைபாஸுங்க இது, கண்ணாடியாட்டம் கெடக்குது. பயத்துல தொடை நடுங்குதுன்னு சொல்லுங்க.

— யாருக்குப் பயம்? இருவதாயிரம் கோழிய வெச்சுக் காப்பாத்தறவன் நானு.

— கோழி யாரும் உங்கள இடது பக்கம் உக்கார வெச்சு எம்பதுல ஓட்டுனதில்லீங்களே.

— பேசாத. பேசுனா உன்ற காலு தளருது. அப்படியே வெச்சிரு… அப்படியே… ம், இந்தக் கட்டம் முடிஞ்சுது.

— என்னதானுங்க அது, கட்டம் கட்டமா? கலர் கலரா மாறிட்டே இருக்குது.

— நீ ரோட்டப் பாரு. ஒவ்வொரு கட்டமும் ஒரு தீவனத் தொட்டின்னு வெச்சுக்க. எஞ்சின் இந்த வேகத்துல சுத்துது, நீ இவ்வளவு மிதிக்கற, அப்ப எவ்வளவு பெட்ரோல் ஊத்தணும்னு நான் கட்டத்துல போட்டு வெப்பேன். காருக்குள்ள இருக்கற கம்ப்யூட்டரு அதப் பாத்து ஊத்தும். எச்சா ஊத்துனா கரும்புகை. கம்மியா ஊத்துனா எஞ்சின் காஞ்சு போயி டிக்கு டிக்குன்னு தட்டும். கணக்கு அவ்வளவுதான்.

— இதைய நீங்க மொதல்லயே தீவனம்னு சொல்லியிருந்தா எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கும். ஒரு மாசமா மேப்பு, சென்சாருன்னு சொல்லி என்னைய ஓட்டீட்டிருந்தீங்க.

— அந்த ஒரு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பழைய கம்ப்யூட்டர எலி கடிச்சுப் பொசுக்கிப்போட்டுது. சேலத்துல ஏறாத கடையில்ல. ‘அந்த மாடலு இப்ப வர்றதில்லைங்க, காரை எடைக்குப் போட்டுருங்க’ன்னு சொல்றான் ஒருத்தன். எடைக்கு! பேரீச்சம்பழமா வாங்கப் போறேன்?

— அப்புறம் ஆன்லைன்ல இந்தப் பொட்டிய வாங்கிட்டு வந்து டேஷ்போர்டுக்குள்ள தலைய உட்டவருதானே. சோறு திங்க வாங்கன்னா உள்ள இருந்து காலு மட்டும் ஆடும்.

— ஒரு வயரு மாத்திக் குத்துனாப் புதுசும் பொசுங்கியிருக்கும். ஒரு தப்பு நடந்துச்சா?

— வயருல நடக்கல.

— பொறவு எதுல நடந்துச்சாம்?

— நானே சொல்லோணுமுங்களா? எறக்கத்தக் கண்டா நியூட்ரல் தட்டறது யாரு?

— அது… டீசல் மிச்சம். எங்கப்பங்கூட லாரியில போயிப் போயி வந்த பழக்கம். கை தானாப் போவுது.

— இது பெட்ரோல் காருங்க. கம்ப்யூட்டரு நீங்க ஓட்டறதப் பாத்துத்தானே கத்துக்குது? எறக்கமெல்லாம் நியூட்ரல்ல உருட்டுனா அது என்னத்தக் கத்துக்கும்? அந்தக் கட்டம் பூராக் காலி. நாமக்கல் பஸ் ஸ்டாண்டு முன்னால கியர்ல எறங்குனீங்க, அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியல, பொக்குனு ஆஃப் ஆயிருச்சு. பின்னால முட்டை வண்டிக்காரன் உங்களத் திட்டுன திட்டு எங்க தெருவுலகூட நான் கேட்டதில்லீங்க.

— அதனாலதானே உன்னைய உக்கார வெச்சேன். உன்ற காலு ஒரு எடத்துல வெச்சா வெச்ச எடத்துல நிக்குது.

— தறி மிதிச்ச காலுங்க. குமாரபாளையத்துல வந்து கேட்டுப் பாருங்க.

— ஒத்துக்கறேன். இன்னும் ஒரே ஒரு ஓட்டம் பாக்கி. முழு மிதி. அது சரியா வந்துச்சுன்னா வேலை முடிஞ்சுது.

— முடிஞ்சுதுன்னா?

— முடிஞ்சுதுன்னா முடிஞ்சுதுதான். லேப்டாப்ப மூடி வெச்சுட்டு நிம்மதியா இருக்கலாம். ஏன், மூஞ்சி சுண்டிப்போச்சு?

— ஒண்ணுமில்லீங்க.

— ஒண்ணுமில்லீங்கன்னு நீ சொன்னா அன்னைக்குக் கொழம்புல உப்பு இருக்காது. சொல்லு.

— முடிஞ்சா ஸ்டியரிங் உங்ககிட்டப் போயிரும். நான் மறுபடியும் இடது பக்கம், மடியில சோத்துத் தூக்குப்போசி. ஒரு வாரமாத் தெனமும் சாயங்காலம் எப்ப வருமுன்னு பாத்துட்டு இருக்கறனுங்க. எனக்கு ஓட்டறது அவ்வளவு புடிச்சிருக்குது. அந்தப் பக்கம் உக்காந்தா நீங்க எங்க போறீங்கன்னு பாத்துட்டு வாரேன். இந்தப் பக்கம் உக்காந்தா நான் போறேன்.

— லைசென்ஸ் எடுத்துக் குடுத்தது நாந்தானே?

— குடுத்தீங்க. அது பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில தூங்குது. பட்டுச்சேலையாவது நோம்பிக்கு நோம்பி வெளிய வருது.

— இப்ப என்ன பண்ணோணுங்கற?

— ஞாயித்துக்கெழமை எங்கண்ணன் கதிரு குமாரபாளையத்துல புது ஊடு குடி போறான். நானே ஓட்டிட்டுப் போயி அவன் வாசல்ல நிறுத்தோணும்.

— அம்மா வரும் புள்ள. பின்னாடி உக்காந்திருக்கும்.

— உக்காரட்டுமுங்க. சீட்டு இருக்குதில்ல.

— ‘ஆம்பள கல்லாட்டம் உக்காந்திருக்க, பொம்பள வண்டி ஓட்டறதா’ன்னு கேக்கும்.

— அத்தை அப்படிக் கேட்டாங்களா?

— கேக்கும்.

— கேட்டாங்களான்னு கேட்டனுங்க.

— அம்மா கேக்கறதுக்கு முன்னாலயே எனக்குக் கேட்டுரும். நாப்பது வருஷமாக் கூட இருக்கறேன்ல.

— அதுக்குத்தானே தெனமும் வேப்பமரத்தடியில அந்தக் கூத்து. ஊரு எல்லை வந்ததும் நிறுத்தறது, நீங்க இப்படிச் சுத்தி வாரது, நான் அப்படிச் சுத்தி வாரது. கோழி திருடுனவங்ககூட இப்படிப் பம்ம மாட்டாங்க.

— அது ஒரு மரியாதைக்கு.

— யாருக்குங்க மரியாதை?

— …ஊருக்கு.

— ஊரு உங்ககிட்டக் கேட்டுச்சா? அதுவும் கேக்கறதுக்கு முன்னாலயே கேட்டுருச்சா?

— செரி, ஒரு பந்தயம். இந்தக் கடசி ஓட்டத்துல எஞ்சின் ஒரு தட்டுத் தட்டக்கூடாது, நீயும் பயந்து காலை எடுக்கக்கூடாது. ஜெயிச்சா ஞாயித்துக்கெழமை நீயே ஓட்டு.

— அத்தை பின்னாடி இருந்தாலும்?

— இருந்தாலும்.

— சத்தியமா?

— இந்தக் காரு மேல சத்தியம்.

— அப்பன்னா நெசமாத்தான் சொல்றீங்க. என்ன பண்ணோணும்?

— மூணாவது கியரு. ‘மிதி’ன்னதும் தரையோட ஒட்டி மிதி. ‘உடு’ன்னா அந்த நொடியே உடு. இந்த நம்பரு பதிமூணத் தாண்டுனா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம்.

— தாண்டுனா?

— பிஸ்டன் ஓட்டையாகும். அப்புறம் காரு நெசமாவே எடைக்குத்தான்.

— நல்லாத் தைரியம் சொல்றீங்க, போங்க.

— முன்னால ஆடு மாடு இருக்குதா பாரு.

— ஒண்ணுமில்லீங்க. அக்கட்டால ஓரத்துல ரோடு ரோலரு மட்டும் நிக்குது, தூங்கற எருமையாட்டம்.

— செரி… முனியப்பா காப்பாத்து… மிதி!

— மிதிச்சுட்டனுங்க!

— இன்னும் மிதி!

— இதுக்கு மேல மிதிச்சா என்ற காலு ரோட்டுல படுமுங்க!

— நாலாயிரம்… நம்பரு பன்னெண்டரை… நாலாயிரத்து ஐநூறு… அப்படியே நிக்குது…

— கைப்புடிய உட்டுட்டு லேப்டாப்பப் புடிங்க, உழுகப்போவுது!

— அஞ்சாயிரம்… ஐயோ, என்ன சத்தம்டா சாமி… அஞ்சாயிரத்து ஐநூறு… காலை எடுத்துறாத…

— நான் எடுக்கலீங்க, நீங்கதான் ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கிட்டீங்க!

— ஆறாயிரம்! உடு! உடு உடு உடு!

— உட்டாச்சு, உட்டாச்சு. கத்தாதீங்க. ஓரங்கட்டறேன். தட்டுச்சா?

— இரு.

— சொல்லுங்க, தட்டுச்சா?

— இரு புள்ள, பாக்கறேன்… ஒண்ணுகூட இல்ல. நம்பரு கோடு போட்டாப்புல நிக்குது. மஞ்சு, இந்தக் காரு புதுசுல கூட இப்படி ஓடல.

— அழுவறீங்களா?

— கண்ணுல தூசி.

— கண்ணாடி ஏத்தியிருக்குதுங்க.

— சந்தோசத்துல ஒரு மனுசன் கண்ணத் தொடச்சா அதையும் கணக்குப் பாப்பயா? ஊட்டுக்குப் போலாம், திருப்பு. பொழுது உழுகற நேரமாச்சு.

— ஞாயித்துக்கெழமை?

— சத்தியம் பண்ணீட்டனே. நீதான் ஓட்டற.

— மாமான்னா மாமாதான்!

— ஆனா ஒண்ணு. நம்மூரு தாண்டற வரைக்கும் நான் ஓட்டறேன். அதுக்கப்புறம் நீ. திருச்செங்கோட்டுல நம்ம சொந்தக்கார ஒறம்பரை சனம் ஏகப்பட்டது இருக்குது, அங்க மட்டும் நானு. அப்புறம் நீ. குமாரபாளையத்து எல்லையில மறுபடியும் நானு.

— இதென்னங்க, உங்க எஞ்சினுக்குக்கூட இத்தனை கட்டம் இல்லீங்க.

— அம்மாவுக்கும் சங்கடமில்ல, உனக்கும் ஓட்டுன மாதிரி.

— ஓட்டுன மாதிரி வேண்டாமுங்க. எனக்கு ஓட்டோணும். எங்கண்ணன் வாசல்ல வலது பக்கக் கதவத் தொறந்துட்டு நான் எறங்கோணும். அவ்வளவுதான் நான் கேட்டது, சத்தியம் பண்ணுனது நீங்க.

— கோவிச்சுக்காத. அம்மா மனசு கஷ்டப்படுமுன்னுதான்… எங்கப்பன் எப்பேர்ப்பட்ட டிரைவரு. அவருகூட வாழ்ந்துட்டு, மகன் இடது பக்கம் உக்காந்திருக்கறதப் பாத்தா…

— சரிங்க. பேச வேண்டாம்.

— மஞ்சு.

— ரோட்டப் பாத்து ஓட்டறனுங்க. நீங்கதானே பேசாதன்னீங்க.

— அந்தா வேப்பமரம் வந்துருச்சு. மொள்ளமா ஓரங்கட்டு.

— கட்ட மாட்டேன்.

— வெளையாடாத புள்ள, டீக்கடையில ஆளுக இருப்பாங்க.

— இருக்கட்டுமுங்க. அவங்க டீயக் குடிக்கட்டும், நான் ஓட்டறேன்.

— மஞ்சு, கால்ல வேணா உழுகறேன், இன்னைக்கு ஒரு நாளைக்கு… ஐயோ! நிறுத்து! நெசமாவே நிறுத்து! மரத்தடியில நிக்கறது யாருன்னு பாரு!

— …அத்தைங்க.

— போச்சு. இப்ப என்ன பண்றது? எடம் மாறிக்கலாமா?

— அவங்க கண்ணு முன்னாலயேவா? கண்ணாடிய எறக்குங்க. இங்கதான் வாராங்க.

— டேய் வளவா, எறங்காத. அப்படியே குந்தியிரு.

— அம்மா! நீ எங்கம்மா இங்க? இது வந்து… கம்ப்யூட்டரு டெஸ்ட்டும்மா. மஞ்சு சும்மா ஸ்டியரிங்கத் தொட்டுட்டு…

— தொட்டுட்டா? பைபாஸுல இருந்து தொட்டுட்டேதான் வந்தாளாக்கும். ஒரு வாரமாப் பாக்கறேன் சாமி. மொத நாளு வண்டி நின்னு போச்சோன்னு இருந்தேன். மறா நாளு புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்டையோன்னு இருந்தேன். டீக்கடை ரங்கன் சொல்றான், ‘ஆராயியக்கா, உங்கூட்டு ஆளுக தெனமும் காரைச் சுத்திக் கும்மியடிக்கறாங்க’ன்னு. அதான் நேருலயே வந்துட்டேன்.

— அத்தை, நாந்தானுங்க ஓட்டறேன்னு கேட்டேன். அவரு மேல தப்பில்லீங்க.

— தப்புன்னு யாரு கண்ணு சொன்னது?

— நீ சொல்லுவியோன்னுதாம்மா…

— நான் எப்படா சொன்னேன்?

— சொன்னதில்ல. ஆனா மனசுல…

— என்ற மனசுல இருக்கறது உனக்கெப்படா தெரிஞ்சுது? கதவத் தொற, பின்னால ஏறிக்கறேன். முட்டி வலிக்குது. ம்… மஞ்சுளா, எடு கண்ணு வண்டிய. டீக்கடைப் பக்கமாவே போ, ரங்கன் நல்லாப் பாக்கட்டும்.

— அத்தை… ஞாயித்துக்கெழமை குமாரபாளையத்துக்கும் நானே ஓட்டட்டுங்களா?

— பின்ன, நானா ஓட்டறது? எனக்கு இப்ப முன்ன மாதிரிக் கண்ணு தெரியல. ஓட்டி எத்தனையோ வருசமாச்சு.

— என்னம்மா சொல்ற? நீ எப்ப ஓட்டுனே?

— உங்கொப்பன் பகல்ல நல்ல டிரைவருதான் சாமி. பொழுது எறங்குனா மாலைக்கண்ணு. எதுக்க வாரது லாரியா எருமையான்னு தெரியாது.

— அப்ப அந்த மேட்டூரு லோடு? ராத்திரி ராத்திரியாப் போனமே, நானும் கூட வந்தனே?

— வந்தே. உங்கொப்பன் மடியில, இடது பக்கம், நல்லாத் தூங்கிட்டு. ஊரு பாத்துரக்கூடாதுன்னு, விடியறதுக்குள்ள நானும் அவரும் இதே மரத்தடியிலதாண்டா எடம் மாறிக்குவோம்.