பொந்துக்குள் நிற்கும் ராஜா

உதியன்குளங்கரையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் அமர்ந்தார்கள். இளையவள் மடியில் ஒரு கட்டுக் காகிதம்.

“எதிரிக்குப் பயந்து ஒளிஞ்ச ராஜாவ இன்னும் பிலாமரப் பொந்துக்குள்ளயே நிறுத்தியிருக்கேன் அக்கா. வெளிய விட முடியல.”

“ஏன் மக்கா? பிள்ளையளுக்கான சரித்திர புக்கு அடுத்த மாசம் அச்சுக்குப் போணும்லா?”

“ஸ்கூல்ல வாசிச்சுக் காட்டினேன். பின்பெஞ்சு பூரா உறக்கமாக்கும். ஒரு குட்டி மட்டும் கேக்கா: ‘பொந்துக்குள்ள எறும்பு உண்டுல்லா? கடிச்சப்போ ராஜா கத்தலியா?’”

“பிலாமரம் ஏறி வளந்தவதானே நீ, எறும்ப மறந்துட்டியா?”

“மறந்துட்டேன். எந்த ஓலைச்சுவடியிலயும் எறும்பு இல்ல. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். உறங்குன பிள்ளையளெல்லாம் எழும்பிட்டுது.”

“பின்ன அதையே எழுது.”

“எதை?”

“தெரியாதுன்னு.”